மெதுவா சாரின் இரண்டாவது பெடல்

அப்பா இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, அப்பாவின் காரில், அம்மாவுக்கு ஓட்டுநர் தேர்வு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காரின் பிரேக் பெடல் நாற்சந்தியில் தரைவரை இறங்கியது.

நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அது அப்பாவின் இருக்கை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்த இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. ஓர் இரும்புத் தண்டு அதை ஓட்டுபவரின் பெடலோடு இணைத்திருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் இவர் மிதிப்பார்.

"பெடல் கீழ போகுதுடி!" என்றாள் அம்மா.

என் பக்கத்துப் பெடலை மிதித்தேன். அதுவும் ஊறிய பஞ்சு மாதிரி இறங்கியது. கைப்பிரேக்கை இழுத்தேன். கார் குலுங்கி நின்றபோது முன்னால் நின்ற வேன் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதன் பின்கதவுத் தூசியில் யாரோ விரலால் பூனை வரைந்திருந்தார்கள். மீசையை எண்ணிவிடலாம் போலிருந்தது.

பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த எதிர்வீட்டுத் தபால்காரர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"அக்கா, வீட்டுலருந்து உங்க பின்னாடியேதான் வரேன். பிரேக் லைட்டு ஒரு நிமிஷம்கூட அணையல. ஞாயித்துக்கிழமை, அதுக்கும் கொஞ்சம் லீவு குடுங்கக்கா."

"என் கால் அதுல இல்ல தம்பி."

"லைட்டு பொய் சொல்லுமா?"

அம்மா எஞ்சினை அணைத்தாள். இந்தப் பழி அவளுக்குப் புதிதல்ல. நான்கு மாதத்துக்கு முன் முதல் தேர்வில் தோற்றபோது அதிகாரி படிவத்தில் எழுதிய காரணமும் இதுதான்: 'பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறார்.' அதற்கும் முன்னால், கற்றுக்கொடுத்த மாதங்கள் முழுவதும், அப்பா சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதான். "காலை எடு." "எடுத்துட்டேங்க." "அப்புறம் வண்டி ஏன் இழுக்குது?" தொலைபேசியில் அம்மா இதைச் சொல்லிப் புலம்பும்போது நான் சிரித்திருக்கிறேன்.

நானும் லைட்டைத்தான் நம்பினேன்.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் துணி அறையில் மேற்பார்வையாளர். படுக்கை விரிப்பு, போர்வை, அறுவை அறைத் துணி எதுவும் அவள் கையெழுத்து இல்லாமல் மாடிக்குப் போகாது. வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். முதல் பஸ் ஆறேகாலுக்கு. இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பாதான் கொண்டுபோய் விட்டார். எனக்கு வெளியூரில் வேலை, தேர்வுக்காகத்தான் ஒரு வாரம் விடுப்பில் வந்திருந்தேன். இந்த ஏழு வாரமும் அம்மா நான்கு கிலோமீட்டர் நடந்து போனாள். இடது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. பதினோரு நாள் தாமதம். அவளுடைய அதிகாரி மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் பகல் வேலை, மடிக்கும் மேசை. கையெழுத்துப் போடும் இடத்தில் வேறொருத்தி உட்காருவாள். இந்தத் தேர்வில் தோற்றால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான்.

"வேற கார்ல எழுதலாமேம்மா" என்றேன். தேர்வு 'எழுதுவது' என்றே எங்கள் வீட்டில் சொல்வோம்.

"எனக்கு அந்த ஒரு கிளட்ச்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

அவ்வளவுதான். எனக்கு ஐந்து நாள்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தோரு ஆண்டுகள், ஒரே கார். ஊரில் அவர் பெயர் 'மெதுவா சார்'. அவருடைய பாடத்தில் அந்த ஒரு சொல்தான் அதிகம். "மெதுவா… மெதுவா… அவ்வளவுதான், மெதுவா." கத்தியதில்லை. சந்தையில் காய் வாங்கும்போது யாராவது வேகமாகப் பையை நீட்டினாலும் "மெதுவா" என்பார். வீட்டில் அவர் நாற்காலிக்கு முன்னால் இருந்த விரிப்பில் வலது கால் பக்கம் மட்டும் ஒரு வட்டம் தேய்ந்து நூல் தெரியும். தொலைக்காட்சியில் யாராவது காரை வேகமாக ஓட்டினால் அவர் கால் தானாகத் தரையை அழுத்தும். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். எனக்குப் பத்து வயதில் காய்ச்சல் முற்றி ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். அப்போதுகூட, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தாராம்.

அவரிடம் கற்றவர்கள் ஆயிரத்தைத் தாண்டுவார்கள். இறுதி ஊர்வலத்துக்கு வந்த கார்கள் எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் நின்றன. ஒன்றுகூடக் கோணலாக நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. அம்மா வாசலில் நின்று அழுகைக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டு, "இதைப் பாக்க அவர் இல்லையே" என்றாள்.

எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் அம்மாவுக்கு மட்டும் நெடுநாள் கற்றுக்கொடுக்கவில்லை. அவளே மறுத்தாள். "ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்டியரிங் போதும்" என்பாள். போன ஆண்டு திடீரென்று அவர் பிடிவாதம் பிடித்தார். வெளி மாணவர்களை நிறுத்திவிட்டார், வயசாகிவிட்டது என்றார். பிறகு "நீ உக்காரு" என்று அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற மனிதருக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்தோம்.

கடைசி நாளில் மருத்துவர் எங்களிடம் கேட்டார். "இதுக்கு முன்னாடி அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கா?"

"இல்லையே டாக்டர்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

மருத்துவர் மூளை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது பழைய தழும்பு. சின்னதுதான். எட்டு, ஒன்பது மாசம் இருக்கும். கை கால் ஏதாவது வலுவில்லாம இருந்திருக்கணுமே?"

தெரியாது என்றோம். அந்தத் 'தெரியாது' எனக்குள் ஒரு ஆணி மாதிரி நின்றுவிட்டது. அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கொதிகலன், ஆக்சிஜன் உருளை, எதுவானாலும் அதன் முள் சரியான எண்ணில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்பாவுக்குக் காரில் சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்வார். நான் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். "என் பொண்ணு ஒரு வரிக்கு மேல பேசாது. ஆனா அந்த ஒரு வரி சரியா இருக்கும்" என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

திங்கட்கிழமை காரை ஜாக்கியில் ஏற்றினேன். உட்கார முடியவில்லை, சாப்பிட முடியவில்லை. எதையாவது கழற்ற வேண்டும் போலிருந்தது.

பெடல் தொய்ந்தால் முதல் சந்தேகம் காற்று. பிரேக் குழாய்க்குள் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும். காற்று நுழைந்தால் மிதிக்கும் அழுத்தம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும், சக்கரத்தைப் போய்ச் சேராது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். அப்பாவுக்கு எப்போதும் அம்மாதான் பெடல். முப்பது வருடம் மிதித்திருக்கிறாள், கார் ஓட்டத் தெரியாமலே.

தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கினேன். சக்கரத்தின் பின்னால் காற்றுத் திருகில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கினேன்.

"மிதி."

"மிதிச்சேன்."

திருகைத் தளர்த்தினேன். கருப்புக் காப்பி நிறத்தில் பழைய ஆயில் வந்தது.

"பிடிச்சுக்கோ. விட்டுடாத."

"உங்கப்பாவுக்கே விட்டதில்ல. உனக்கு விடுவேனா?"

திருகை இறுக்கினேன். "இப்ப விடு."

"அவர் 'விடும்மா'ன்னு சொல்வாரு. நீ போலீஸ்காரன் மாதிரி சொல்ற."

மூன்று சக்கரம் முடிந்தது. நான்காவதில் குமிழி நிற்கவே இல்லை. இருபது முறை, முப்பது முறை. அம்மாவின் கால் வீங்கிய முழங்காலோடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில்தான் புரிந்தது, அந்தக் குமிழி குழாய்க்குள்ளிருந்து வரவில்லை. தளர்த்திய திருகின் மரையைச் சுற்றி வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மரையில் கெட்டிக் கிரீஸ் தடவினேன். குமிழி நின்றது. அதற்குள் மேலே ஆயில் டப்பா அடிவரை இறங்கியிருந்தது. டப்பா காலியானால் மறுபடி காற்று. முதல் சக்கரத்திலிருந்து திரும்பத் தொடங்கினோம்.

"இன்னிக்கு முடியுமாடி?"

"முடியும்."

"உன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல."

சாயங்காலம் பெடல் கல் மாதிரி நின்றது. காரை எடுத்து நான் மட்டும் தெருவைச் சுற்றி வந்தேன். பத்து நிமிடம். நன்றாக நின்றது. பிறகு அம்மா ஓட்டினாள். நாற்பது நிமிடம், தேர்வுப் பாதை முழுவதும். திரும்பி வரும்போது பெடல் மறுபடி பஞ்சு. முன்சக்கரத்தில் தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்று ஆவியாகிவிட்டது.

எனக்கு விடை கிடைத்துவிட்டது போலிருந்தது. காலை எடுக்காமல் ஓட்டினால் பிரேக் உரசும், உரசினால் சூடு. சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழியாகும், பெடல் தொய்யும். எல்லாம் ஒரே கோட்டில் பொருந்தியது. நான் ஓட்டியபோது வரவில்லை, அவள் ஓட்டியபோது வந்தது. வேறென்ன வேண்டும்?

"அம்மா, நீ காலை வெச்சுக்கிட்டேதான் ஓட்டுற. உனக்கே தெரியாம."

"தெரியாமயா? என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"பழக்கம்மா. அப்பாவும்…"

"அப்பாவும், தபால்காரரும், அந்த அதிகாரியும், இப்ப நீயும். எல்லாரும் என் காலையே பாத்துக்கிட்டு இருங்க." வீங்கிய முழங்காலைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் காலை வெச்சு அரை மணி நேரம் அழுத்திக்கிட்டே ஓட்ட முடியுமா, சொல்லு."

முடியாதுதான். ஆனாலும் நம்பவில்லை. நம்பாததால் என்ன செய்வதென்று தெரியாமல், இருந்ததையெல்லாம் மாற்றினேன். செவ்வாய்க்கிழமை உதிரிபாகக் கடையில் புது மாஸ்டர் சிலிண்டர் கேட்டேன். பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் உறுப்பு அது.

"வண்டிக்கு என்ன வயசும்மா?" என்றார் கடைக்காரர்.

"முப்பத்தொண்ணு."

"அப்ப சிலிண்டர் எதுக்கு? நல்ல வரனாப் பாருங்க." கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "மெதுவா சார் வண்டியா?" என்றார். பிறகு உள்ளே போய், அட்டைப்பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

அதை மாட்டி, மறுபடி காற்றெடுத்தோம். மிதி, பிடி, விடு. முன்பக்க ரப்பர் குழாய்களையும் மாற்றினேன். மறுபடி காற்று. அம்மா மருத்துவமனைக்கு நடந்து போய், வேலை பார்த்து, நடந்து வந்து, மிதித்தாள். ஸ்பானர்களை நான் அளவு வாரியாக அடுக்கினேன். கலைத்தேன். மறுபடி அடுக்கினேன்.

புதன்கிழமை மாலை மூன்றாவது ஓட்டம். வெயில் சாய்ந்திருந்தது. வழி முழுக்க நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கால் பெரும்பாலும் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. நான் பார்ப்பதால் ஒழுங்காக ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். இப்படியொரு நினைப்பு வந்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

முப்பத்தைந்தாவது நிமிடம் பெடல் தொய்ந்தது.

வீட்டு வாசல் சரிவில் காரை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். சாவியைப் பாதியிலேயே விட்டுவிட்டு, கதவைத் திறந்து போட்டு, விறுவிறுவென்று பின்பக்கம் நடந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். நான் இறங்கி முன்சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன்.

"இங்க வா."

"இரும்மா, சூடு எவ்வளவுன்னு…"

"வாடின்னா வா."

போனேன். அம்மா காருக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். இரண்டு பிரேக் லைட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

"இப்ப அங்க யாரு காலு இருக்கு?" என்றாள்.

காருக்குள் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கை காலி. அப்பாவின் இருக்கை காலி.

அப்போதுதான் என் பத்து நிமிட ஓட்டத்தையும் அவளுடைய நாற்பது நிமிட ஓட்டத்தையும் சமமாக வைத்து ஒப்பிட்டது உறைத்தது. ஆய்வகத்தில் ஒரு பயிற்சியாளர் அப்படிச் செய்திருந்தால் அறிக்கையைக் கிழித்து அவர் கையில் கொடுத்திருப்பேன்.

முன்பக்கம் ஓடி, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே நுழைத்தேன். பிரேக் லைட்டின் ஸ்விட்ச் பெடலுக்கு மேலே இருக்கும். பெடல் முழுதாக மேலே வந்து அதன் பொத்தானை அமுக்கினால்தான் லைட் அணையும். பெடல் பொத்தானைத் தொடவில்லை. அரை விரல் அகலம் கீழேயே நின்றது. விரலால் மேலே தூக்கிப் பார்த்தேன். வரவில்லை. ஏதோ அதைக் கீழே பிடித்து வைத்திருந்தது. அதிலிருந்து குறுக்காக ஒரு இரும்புத் தண்டு போனது. அப்பாவின் பெடலுக்குப் போகும் தண்டு.

தண்டின் முனையிலிருந்த ஊசியை உருவினேன். பெடல் 'டக்'கென்று மேலே எழும்பியது.

"அணைஞ்சிருச்சு!" என்று பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

அதே நேரம் கார் நகர்ந்தது. கைப்பிரேக் போடவில்லை. அதுவரை சரிவில் காரைப் பிடித்து நிறுத்தியிருந்தது விடாத பிரேக்தான். என் கால்கள் வெளியே, தலை உள்ளே.

"மெதுவா! மெதுவா!" என்று அம்மா டிக்கியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். கையை எட்டிப் பெடலை அமுக்கினேன். ஒரு சாண் உருண்டு நின்றது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்தோம்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெடல் முழுதாக மேலே வந்தால்தான் அது திறக்கும். ஓட ஓடச் சூடேறிப் பெருகும் ஆயில் அதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். பெடல் அரை விரல் கீழே நின்றால் துளை மூடியே கிடக்கும். பெருகும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, தானாகவே பிரேக்கைப் பிடிக்கும். மருத்துவமனைவரை நான்கு கிலோமீட்டர் ஓட்டினால் தெரியாது, பத்து நிமிடத்தில் தெரியாது. நாற்பது நிமிடத்தில் கொதிக்கும். நான் எத்தனை சிலிண்டர் மாற்றினாலும் எத்தனை முறை காற்றெடுத்தாலும் மறுபடி கொதிக்கும்.

தண்டைக் கழற்றி வெளியே கொண்டுவந்தேன். அதன் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் நடுவில் ஒரு நட்டு உண்டு. மரை முழுக்கத் துரு. நட்டை ஒட்டிய மூன்று சுற்று மட்டும் துருவில்லாமல் மின்னியது. அதாவது பல வருடம் ஒரே இடத்தில் இருந்த நட்டை யாரோ சமீபத்தில் மூன்று சுற்று இறுக்கியிருக்கிறார்கள். தண்டு குட்டையாகி, அப்பாவின் பெடலை லேசாகத் தொட்டாலே பிரேக் பிடிக்கும்படி ஆகியிருக்கிறது. அந்த இறுக்கம் இந்தப் பக்கத்துப் பெடலை மேலே வர விடவில்லை.

"இது எப்பம்மா நடந்துச்சு?"

அம்மா தண்டை வாங்கிப் பார்த்தாள்.

"டார்ச் பிடிச்சதே நான்தான்" என்றாள். "ஒரு மத்தியானம். தலையை உள்ள விட்டுக்கிட்டு எதையோ திருகினாரு. என்னங்கன்னு கேட்டேன். 'கொஞ்சம் இறுக்கணும்'னாரு. அப்ப அவருக்குக் கால் சுளுக்கு. வலது கால். பத்து நாள் இழுத்து இழுத்து நடந்தாரு. படியில தடுக்கிட்டேன்னு சொன்னாரு."

"அது எப்போ?"

"அதுக்கு மறுவாரம்தான் என்னை வண்டியில உக்காரச் சொன்னாரு."

மருத்துவர் வெளிச்சத்தில் பிடித்த படம் எனக்கு நினைவு வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். தண்டை மடியில் வைத்துக்கொண்டாள். மடித்த துணியை வைப்பது மாதிரி.

"தெரிஞ்சிருக்கு அவருக்கு" என்றாள். "தான் இருக்க மாட்டோம்னு தெரிஞ்சுதான் கத்துக்குடுத்திருக்காரு. கால்ல வலு இல்ல, எனக்கு ஏதாச்சும் ஆயிடப் போகுதுன்னு இதை இறுக்கியிருக்காரு. இறுக்கிட்டு, காலை எடு காலை எடுன்னு என்னையே திட்டியிருக்காரு பாரு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "ஃபெயிலான அன்னிக்கு வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலடி. நான் அவர் மானத்தை வாங்கிட்டேன்னு நினைச்சேன்."

எனக்கு வேறொன்றும் நினைவு வந்தது. அதை அன்று அவளிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மருத்துவமனையிலிருந்து அவள் வந்ததும் தண்டைப் பழைய துருவின் அளவுக்கு மூன்று சுற்று தளர்த்தி மாட்டினேன். பெடலுக்கு மேலே ஒரு தாள் நுழையும் அளவு வெற்று அசைவு இருக்கிறதா என்று பார்த்தேன். நான்கு முறை பார்த்தேன். கொதித்த ஆயிலை எடுத்துவிட்டுக் கடைசியாக ஒருமுறை காற்றெடுத்தோம். முன்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினேன். சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு மணி நேரம் ஓட்டினாள். தேர்வுப் பாதை, மருத்துவமனைச் சாலை, மறுபடி தேர்வுப் பாதை. மருத்துவமனை வாசலில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி முன்சக்கரத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பு. கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. பெடல் கல் மாதிரி நின்றது. ஆனாலும் மனம் நிற்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அப்பா போன் பண்ணினாரு. போன வருஷம். கொஞ்சமா மிதிச்சாலே என் பக்கத்து பிரேக் பிடிக்கணும், என்ன பண்ணலாம்னு கேட்டாரு. நான் வேலையில இருந்தேன். 'தண்டை இறுக்குங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். எதுக்குப்பான்னு கேக்கல."

அம்மா ஸ்டியரிங்கின் மேல் கைகளை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி மூட்டைகள் ஏற்றிய ஒரு தள்ளுவண்டி வாசலைக் கடந்து போனது. அதில் ஒரு மூட்டை சரியாகக் கட்டியிருக்கவில்லை. அவள் கண் அதன் பின்னாலேயே போனது.

"கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பாரா?"

"தெரியல."

"சொல்லியிருக்க மாட்டாரு. சுளுக்குன்னு சொல்லியிருப்பாரு. டார்ச் பிடிச்சவளுக்கே சொல்லல, உனக்கா சொல்லப் போறாரு?" கியரைப் போட்டாள். "ஆனாலும் நீ கேட்டிருக்கணும்."

"ஆமா."

"நானும்தான்."

வெள்ளிக்கிழமை அதே அதிகாரி. கட்டை மீசை, கையில் அட்டை. அப்பாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, தன் பக்கத்துப் பெடலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன். கார் மைதானத்தைச் சுற்றி என்னைக் கடந்து வெளியே போனது. நான் அம்மாவைப் பார்க்கவில்லை, வண்டியின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தேன். சாலை முனைவரை இரண்டு லைட்டும் இருட்டாகவே போயின. முனையில் பளிச்சென்று எரிந்தன. வண்டி நின்றது. திரும்பியது. அணைந்தன.

நாற்பது நிமிடம். உட்கார ஒரு பெஞ்சு இருந்தது. நான் உட்காரவில்லை. வேலியோரம் எத்தனை கம்பி என்று எண்ணினேன். எண்ணிக்கையை மறந்து மறுபடி எண்ணினேன். ஒவ்வொரு முறையும் கண்ணுக்குள் அந்த வேனின் பூனை வந்து நின்றது.

வண்டி திரும்பி வந்து, கோட்டுக்குள் நின்றது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. அதிகாரி இறங்கி, அட்டையில் எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா இறங்காமல் கையால் கூப்பிட்டாள். போனேன். தாளில் 'தேர்ச்சி' என்று இருந்தது. இடதுபுறக் கண்ணாடியை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் இருந்தது.

"என்ன சொன்னாரு?"

"நல்லா முன்னேறியிருக்கீங்கன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"'முன்னேறினது வண்டி சார், நான் அப்படியேதான் இருக்கேன்'னு சொன்னேன். அவருக்குப் புரியல."

வீட்டுக்கு வரும் வழியில் அந்த நாற்சந்தி வந்தது. என் வலது கால் தானாக எழுந்து பெடலுக்கு மேல் போய் நின்றது. அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"காலை எடுடி."

ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டாவது பெடலைக் கழற்றச் சொன்னாள். "பக்கத்துல யாரும் இல்லாம ஓட்டப் போறேன். அது யாருக்கு?" நான்கு போல்ட்டுகள். பெடலின் ரப்பர் இடது மூலையில் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. பெடலை அலமாரியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். தண்டை நான் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்குப் போன் வந்தது. "வந்துட்டேன்" என்றாள். வைத்துவிட்டாள். மறுநாளும் அதே ஒரு சொல். பிறகு ஒரு நாள் நான் ஆய்வகத்தில் ஒரு மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அழைத்தாள்.

"பின்சக்கரத்துல காத்து எவ்வளவு அடிக்கணும்டி?"

எண் என் வாய்வரை வந்துவிட்டது. கையிலிருந்த மானியைக் கீழே வைத்தேன்.

"எதுக்கும்மா கேக்குற?"

"எதுக்கா? வண்டிக்குத்தான். பின்ன என் தலைக்கா?"

"இல்ல, எதுக்குன்னு சொல்லு. வண்டி இழுக்குதா? கால் வலிக்குதா? நீ நல்லா இருக்கியா?"

"ஐயோ, ஒரு வரி கேட்டா ஒம்போது வரி பேசுறாளே" என்றாள் அம்மா.